சர்க்கரை மருந்து ஞாபக மறதியைத் தீர்க்குமா?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"என் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை வந்து 16 வருடம் ஆகிறது. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வருடமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. அம்மா வெகுகாலம் பூக்கட்டி விற்றவர். இன்றைக்கும் மல்லிகையைக் கையில் கொடுத்தால் விரல் தானாகக் கட்டுகிறது. ஐந்து முழத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் தொடக்கம் என்று சொல்லி டோனெபெசில் மாத்திரை கொடுத்தார்கள். எடை 58 கிலோவிலிருந்து 49 ஆகிவிட்டது. சில நாள் தெளிவாகப் பேசுகிறார். வெள்ளிக்கிழமைதான் ரொம்ப மோசம். அன்றைக்கு விரதம், சாயங்காலம் கோவிலுக்குப் போய்வந்துதான் சாப்பிடுவார். அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை வழி தெரியாமல் நின்றவரை ஆட்டோக்காரத் தம்பி கூட்டிவந்து விட்டார். சென்னையில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அல்சைமர் என்பதே மூளைக்கு வரும் சர்க்கரை நோய்தானாம். செமாகுளுடைடு கொடுத்தால் ஞாபகம் திரும்புமாம்; மூக்கு வழியாக இன்சுலின் செலுத்தலாமாம்; லெப்டின் என்று ஒரு ஹார்மோனும் இருக்கிறதாம். வாங்கித் தரலாமா? எனக்கு 46 வயது, எடை 78 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. எனக்கும் அம்மா மாதிரி ஆகிவிடுமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் வெள்ளிக்கிழமையைப் பேசிவிடலாம். வீடியோ அப்புறம்.

விரத நாளிலும் அம்மா காலை மாத்திரையைப் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிற வீட்டில் மாத்திரை தவறியிருக்காது என்றே நினைக்கிறேன். அப்படியானால் அதுதான் என் கவலை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. காலையில் வெறும் வயிற்றில் உள்ளே போனால், மதியத்துக்கு மேல் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்க எல்லா வாய்ப்பும் உண்டு. நம் வயதுக்காரர்களுக்கு அப்போது வியர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும், உடனே தெரிந்துவிடும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த அறிகுறிகள் பல நேரம் வருவதில்லை. பேச்சுக் குழறும், இருக்கும் இடம் தெரியாது, கண் ஓரிடத்தில் நிலைகுத்தும், சிடுசிடுப்பு வரும். பார்ப்பவர்கள் மறதி முற்றிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். உங்கள் அம்மா கோவில் வழியில் நின்றது அல்சைமராலா, சர்க்கரை இறங்கியதாலா என்பது அன்றைக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை இதைச் செய்யுங்கள். சாப்பிடாத காலையில் கிளிமிபிரைடு சேர்ந்த அந்த மாத்திரை வேண்டாம். சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அது; சாப்பாடு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை. இதற்கு உங்கள் மருத்துவரும் மறுப்புச் சொல்ல மாட்டார், இருந்தாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் விரதத்தையே பாலும் பழமும் என்று மாற்றிவிடுங்கள். அம்மா பிடிவாதம் பிடித்தால் கோவில் பட்டரைவிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் சொல்வதைவிட அது எடுபடும். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். பேச்சோ நடையோ எப்போது மாறினாலும் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

6.3 என்று நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதைத் தொட வேண்டியிருக்கிறது. உழைப்பு இல்லாமல் அந்த எண் வந்திருக்காது. ஆனால் மறதி தொடங்கிய 72 வயதுப் பெண்மணிக்கு, அதுவும் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு, அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. இப்படிப்பட்ட முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். கலிஃபோர்னியாவில் சர்க்கரை நோயுள்ள 16,000-க்கு மேற்பட்ட முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் அதிகம் வந்தது தெரிந்தது. இன்னொரு பெரிய ஆய்வில் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்று பார்த்தார்கள். ஞாபக சக்திக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையை 2008-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது, "சர்க்கரையைக் கொஞ்சம் தளர்த்தலாமா, கிளிமிபிரைடை நிறுத்தி வேறு கொடுக்கலாமா?" என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சரி, இனி வீடியோ.

அதில் சொன்னது முழுப் பொய்யில்லை. அதனால்தான் அதை நம்பிவிட முடிகிறது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகர மக்களிடம் நடந்த ஆய்வு, சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1999-லேயே காட்டியது. மூளையில், அதிலும் புது ஞாபகங்களைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில், இன்சுலின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. அல்சைமர் மூளையில் அந்த ஏற்பிகள் சரியாக வேலை செய்வதில்லை. இன்னொரு தொடர்பும் இருக்கிறது. உடம்பில் இன்சுலினைச் சிதைத்து அகற்றும் ஒரு நொதிதான், அல்சைமரில் படியும் அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிக் குப்பையை அள்ளவே நேரம் போதாத வண்டி பக்கத்துச் சந்துக்குள் எப்போது வரும்? ரத்தத்தில் எப்போதும் இன்சுலின் கூடுதலாக இருப்பவர்களுக்கு அமிலாய்டு தேங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதையெல்லாம் சேர்த்துத்தான் 2005 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர் சுசான் டி லா மாண்டேயின் குழு அல்சைமரை மூன்றாம் வகைச் சர்க்கரை நோய் என்று அழைத்தது. மருத்துவ உலகம் அதை ஒரு நோயின் பெயராக ஏற்றுக்கொள்ளவில்லை. சர்க்கரையே இல்லாமல் அல்சைமர் வந்தவர்களும், முப்பது வருடம் சர்க்கரையோடு இருந்து புத்தி துலக்கமாக இருப்பவர்களும் நம் ஊரிலேயே எத்தனையோ பேர்.

மூளைக்கு இன்சுலின் தேவை, உடம்பில் ஏற்றினால் சர்க்கரை இறங்கிவிடும், அப்படியானால் மூக்கு வழியாக நேரே மூளைக்கு அனுப்பினால் என்ன? நல்ல யோசனைதான். சின்னச் சின்ன ஆய்வுகளில் பலன் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் 289 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2020-ல் வெளிவந்தது. மூக்கில் இன்சுலின் எடுத்தவர்களுக்கும் வெறும் திரவம் எடுத்தவர்களுக்கும் ஞாபகத்தில் வித்தியாசம் இல்லை. அந்தச் சோதனையின் நடுவில் மருந்து தெளிக்கும் கருவியை மாற்ற வேண்டி வந்ததால், இது பற்றிய ஆராய்ச்சியை இன்னும் கைவிடவில்லை. ஆனால் வீட்டில் செய்யும் வைத்தியம் இல்லை இது. ஊசிக்கான இன்சுலினை மூக்கில் விட்டுப் பார்க்கலாமா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லுங்கள்.

லெப்டின் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹார்மோன். கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வது அதன் முக்கிய வேலை. ஞாபகப் பகுதியில் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை வலுப்படுத்துகிறது என்பதும் பிற்பாடு தெரியவந்தது. எலிகளில் அமிலாய்டின் சேதத்தைக் குறைக்கிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் நடக்கும் நீண்டகால ஆய்வில், லெப்டின் அதிகம் இருந்த முதியவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்தது என்று 2009-ல் எழுதினார்கள். அதற்காக லெப்டின் ஊசி போட்டால் நோய் போகும் என்று ஆகாது. அல்சைமரில் நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே உடம்பு மெலியத் தொடங்கிவிடுகிறது. மெலிந்தால் லெப்டினும் குறையும். எது காரணம், எது விளைவு என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பருமனாக இருப்பவர்களுக்கு லெப்டின் ஏராளமாகச் சுரந்தும் மூளை அதைக் கேட்பதில்லை என்கிற சிக்கல் வேறு. லெப்டினை மருந்தாகக் கொடுப்பது, உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் போகும் ஓர் அரிய நோய்க்குத்தான்.

உங்கள் அண்ணன் மகன் முக்கியமாகச் சொல்வது செமாகுளுடைடு. சாப்பிட்டவுடன் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே செயல்படும் மருந்து. மாத்திரையாகவும் இருக்கிறது, வாரம் ஒருமுறை போடும் ஊசியாகவும் இருக்கிறது. சர்க்கரைக்கும் எடைக்கும் அது நல்ல மருந்து, அதில் எனக்கு ஐயமில்லை. மறதிக்கு அதன் மேல் நம்பிக்கை எப்படி வந்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் இதயத்துக்குப் பாதுகாப்பா என்று பார்ப்பதற்காக நடந்த மூன்று பெரிய சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 15,820 பேர். இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 15 பேருக்கும், எடுக்காதவர்களில் 32 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. பாதிக்குப் பாதி என்று உலகமே பேசியது. ஆனால் 15, 32 என்பவை சின்ன எண்கள். அந்தச் சோதனைகள் மறதியை அளப்பதற்காக நடத்தப்பட்டவையும் அல்ல. பிரிட்டனில் இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளுடைடு ஊசியைச் சர்க்கரை இல்லாத 204 அல்சைமர் நோயாளிகளிடம் ஒரு வருடம் சோதித்தார்கள். மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் அளவு கூடுமா என்பதே முதன்மைக் கேள்வி, கூடவில்லை. மூளை சுருங்குவதும் அறிவுத்திறன் சரிவதும் சற்று மெதுவானதாகத் தெரிந்தது. அதனால் ஆவல் இன்னும் கூடியது.

அந்த ஆவலுக்குப் பதில் 2025 நவம்பரில் வந்தது. நோவோ நார்டிஸ்க் நிறுவனம் செமாகுளுடைடு மாத்திரையை ஆரம்பநிலை அல்சைமர் உள்ள சுமார் 3,800 பேரிடம், இரண்டு சோதனைகளாக, இரண்டு வருடம் சோதித்தது. எவோக், எவோக் பிளஸ் என்று அவற்றுக்குப் பெயர். நோய் தொடர்பான சில உயிர்க்குறியீட்டு அளவுகள் மேம்பட்டன. நோய் முன்னேறுவது மட்டும் தடைபடவில்லை. மருந்து எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஒரே வேகத்தில்தான் சரிந்தார்கள். மருந்தை விற்கக் காத்திருந்த நிறுவனமே பலன் இல்லை என்று அறிவித்துவிட்ட பிறகு, அதை அல்சைமருக்காக உங்கள் அம்மாவுக்கு எழுதிக் கொடுக்க என் மனம் ஒப்பாது. அண்ணன் மகன் பாட்டி மேல் உள்ள பாசத்தில்தான் தேடியிருக்கிறான். கோபித்துக்கொள்ளாமல் இந்த முடிவை அவனுக்குச் சொல்லுங்கள்.

பலன் இல்லை என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை; உங்கள் அம்மாவுக்கு அது கெடுதலாகவும் முடியலாம். 58 கிலோவிலிருந்து 49 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் நான் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். செமாகுளுடைடு பசியைக் குறைக்கும், குமட்டும், சிலருக்கு வாந்தி வரும்; எடையோடு தசையும் கரையும். டோனெபெசிலும் பசியைக் கெடுக்கும், மெட்ஃபார்மினும் கெடுக்கும். மூன்றாவதாக இதையும் சேர்த்தால் அந்த உடம்பு தாங்காது. போதாக்குறைக்குக் கிளிமிபிரைடோடு சேரும்போது சர்க்கரை இறங்கும் ஆபத்து கூடும். இந்த வயதில் தசை போனால் நடை தள்ளாடும், விழுவார், இடுப்பெலும்பு முறியும். மறதி நோயாளிக்கு இடுப்பு முறிந்தால் வீடு எப்படித் தலைகீழாகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது பசியைக் கூட்டும் வழி. தினம் ஒரு முட்டை, பருப்பு, தயிர், மீன் சாப்பிடுவாரென்றால் மீன். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. எடை குறைந்ததைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் சில பரிசோதனைகள் நடந்தனவா என்று கடிதத்தில் தெரியவில்லை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும். அது குறைந்தாலே மறதி வரும், கால் மரத்துப்போகும். ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்துவிடலாம். தைராய்டு குறைந்தாலும் மூளை மந்தமாகும். இரண்டுக்கும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்துவிடலாம். சளி, அரிப்பு, தூக்கம் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகளும் வயதானவர்களின் மறதியைக் கூட்டும். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை ஞாபகம் வைத்துச் சொல்வதைவிட அது நல்லது. மருத்துவர் ஊருக்குத் தூரமென்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் புறநோயாளியாகக் காட்டலாம்.

கண்ணையும் காதையும் விட்டுவிடாதீர்கள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று சொல்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. காது மந்தமும், சரிசெய்யாத பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புரை இருந்தால் அரவிந்த் கண் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியதிலிருந்து எத்தனையோ கிராமத்துக் கிழவிகளுக்குப் பார்வை கொடுத்த இடம். முகம் தெளிவாகத் தெரிந்தால் "நீ யாரு?" என்று கேட்பது சிலருக்குக் குறைகிறது.

பூக்கட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கை பழகிய வேலைக்கான ஞாபகம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அல்சைமர் அதைக் கடைசியில்தான் தொடும். தினமும் கொஞ்சம் பூ வாங்கிக் கொடுங்கள். விலை கேட்டுச் சோதிக்க வேண்டாம். கட்டிய சரத்தைத் தெருப்பெண்கள் வாங்கிப் போகட்டும். நாலு பேரிடம் பேசுவதும் அவருக்கு மருந்துதான். கோவிலுக்குத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் கைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று அவர் கழுத்திலோ சுருக்குப்பையிலோ இருக்கட்டும்.

இனி நீங்கள். கடைசியாக ஒரே வரியில் உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சின்னக் கேள்வியாகப் படவில்லை. இந்த ஹார்மோன் ஆய்வுகள் அத்தனையிலிருந்தும் யாராவது பலன் எடுத்துக்கொள்ள முடியுமென்றால் அது 72 வயது அம்மாவைவிட 46 வயது மகள்தான். அல்சைமரில் மூளைக்குள் மாற்றம் தொடங்கி, வெளியே மறதியாகத் தெரிய இருபது வருடம்வரை ஆகலாம். நடுவயதின் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பருமன் எல்லாம் எழுபதில் வரும் மறதியோடு தொடர்புள்ளவை. அம்மாவுக்கு எழுபது வயதில் வந்திருப்பதால் உங்களுக்கும் கட்டாயம் வரும் என்று பொருளில்லை. வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒரே குடும்பத்தில் பலருக்கு நாற்பது, ஐம்பது வயதிலேயே வரும் பரம்பரை வகை வேறு. அது மிக அரிது.

78 கிலோவிலிருந்து ஐந்தாறு கிலோ குறைந்தாலே எல்லைக்கோட்டுச் சர்க்கரை பின்வாங்க நல்ல வாய்ப்பு உண்டு. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்க நடங்கள். மதியச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காயும் பயறும் வையுங்கள். ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அம்மாவுக்குப் பார்க்கும்போது நீங்களும் கையை நீட்டுங்கள். பின்லாந்தில் மறதி வரும் ஆபத்துள்ள 1,260 முதியவர்களை வைத்து உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் சோதித்தார்கள். அறிவுத்திறனில் பலன் தெரிந்தது என்று 2015-ல் வெளியிட்டார்கள். உங்கள் மருத்துவர் எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ உங்களுக்குச் செமாகுளுடைடு போன்ற மருந்தைப் பரிந்துரைத்தால் அந்தக் காரணத்துக்காகத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வருவதற்கு முன்பே கொடுத்தால் மூளையைக் காக்குமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இரவில் அம்மா தூங்காத நாட்களில் நீங்களும் தூங்குவதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அண்ணன் வீட்டாரிடம் வீடியோவுக்குப் பதிலாக மாதத்தில் ஒரு வாரம் கேளுங்கள். அண்ணன் வரட்டும், அல்லது பாட்டி மேல் இவ்வளவு அக்கறையுள்ள அந்தப் பையன் வரட்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. வழி தெரியாமல் தவிக்கும்போது பேசலாம்.

அடுத்த நான்கு வெள்ளிக்கிழமைகளில் காலை, மதியம், கோவிலுக்குக் கிளம்பும் முன் என மூன்று முறை சர்க்கரை பார்த்து, அன்றைக்கு அம்மா எப்படி இருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மற்ற நாட்களில் ஏதாவது ஒன்றிலும் அதே போல எழுதுங்கள். அந்தத் தாளோடும் மாத்திரைப் பையோடும் மருத்துவரைப் பாருங்கள். பி12, தைராய்டு முடிவுகள் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.